அன்றாடத்துக்கு என்ன கூலி?

கடுதாசி எழுதிப் பிழைக்கும் தொழில் ஒன்று பதினைந்து வருசமாக உலகத்தில் வளர்ந்துகொண்டிருக்கிறது. தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பார்களே, அந்தத் தொழிலைச் சொல்லவில்லை. லண்டனிலோ நியூயார்க்கிலோ ஒருவர் தன் அறையில் இருந்துகொண்டு, தான் பார்த்த படம், சாப்பிட்ட கடை, வாங்கிய சட்டை, கேட்ட பாட்டு இவற்றைப் பற்றி எழுதுகிறார். வாரம் ஒருமுறையோ இரண்டு முறையோ அது வாசகருடைய மின்னஞ்சலுக்கு வந்து சேர்கிறது. நடுவில் பத்திரிகை முதலாளி இல்லை. ஆசிரியர் குழு இல்லை. பெரும்பாலும் விளம்பரமும் இல்லை. பிடித்திருந்தால் வாசகர் மாதம் 5 டாலரோ அதற்கு மேலோ சந்தா கட்டுவார். ஆங்கிலத்தில் நியூஸ்லெட்டர் என்கிறார்கள். செய்திமடல் என்று நம்மவர்கள் மொழிபெயர்க்கிறார்கள். நான் சொல்ல வருகிறவற்றில் செய்தி என்று ஒன்றும் இருப்பதில்லை என்பதால் கடுதாசி என்றே எழுதப்போகிறேன்.

இவற்றைப் பற்றி நம் பக்கத்தில் இரண்டு விதமான பேச்சு அடிபடுகிறது. மூத்த தோழர்கள், "சோறு, சினிமா, சட்டை... வயிறு ரொம்பினவன் ஏப்பம்" என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இளசுகள், "இனிமே எந்த எடிட்டர் காலையும் பிடிக்க வேணாம்க்கா, நாமளே ராஜா" என்று குதிக்கிறார்கள். இரண்டு பேச்சிலும் கூலி என்கிற சொல் வரவில்லை. யார் எழுதுகிறார், எதைப் பற்றி எழுத அவருக்கு அனுமதி, அதற்கு யார் காசு கொடுக்கிறார், அந்தக் காசில் யார் கை வைக்கிறார் என்று கேட்காமல் இந்த எழுத்தை மதிப்பிட முடியாது என்பது என் கட்சி.

முதலில் திண்ணைக் கதை. 2010இல் பிலிப் கேப்ளன் என்பவர் டைனிலெட்டர் என்று ஒரு ஏற்பாட்டைச் செய்தார். மறு வருசமே மெயில்சிம்ப் என்கிற கம்பெனி அதை வாங்கிப்போட்டது. யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தன் கடுதாசியை ஐயாயிரம் பேர் வரைக்கும் அனுப்பிக்கொள்ளலாம். பெண்கள் நிறைய எழுதினார்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பார்த்து முடித்த தொடர், அம்மாவோடு போட்ட சண்டை, பின்னி முடிக்காத ஸ்வெட்டர். பத்திரிகைக் கட்டுரைக்குத் தேவைப்படுகிற 'அதனால் நாம் அறிவது யாதெனில்' என்கிற வால் அந்த எழுத்துக்கு இல்லை. அதுதான் அதன் அழகு. காசு கிடையாது, அதனால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதும் கிடையாது. 2021இல் மெயில்சிம்பை இன்ட்யூட் என்கிற கணக்கு மென்பொருள் கம்பெனி ஏறத்தாழ 1,200 கோடி டாலருக்கு வாங்கியது. 2024 பிப்ரவரி 29ஆம் தேதி டைனிலெட்டரை மூடிவிட்டார்கள். வாடகை வாங்காத திண்ணையை இடிப்பதற்கு ஒரு கையெழுத்து போதும். இலவசம் என்றால் எப்போதும் அடுத்தவன் திண்ணைதான்.

இப்போது எல்லாரும் போய் உட்கார்ந்திருக்கும் இடம் சப்ஸ்டாக். 2017இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. எழுதுகிறவர் வாங்கும் சந்தாவில் பத்தில் ஒன்று கம்பெனிக்கு. கார்டு மூலம் காசை வாங்கித் தருகிறவனுக்கு அதற்கு மேல் கொஞ்சம். விதை, உழவு, களையெடுப்பு எல்லாம் எழுதுகிறவருடையது. தஞ்சாவூர்ப் பண்ணைகள் வாங்கிய வாரத்தோடு ஒப்பிட்டால் இது தர்மப் பிரபு வாரம்தான், ஒத்துக்கொள்கிறேன். இன்னொரு நல்ல அம்சமும் உண்டு. எழுதுகிறவர் கோபித்துக்கொண்டு வெளியேறினால் சந்தாதாரர் பட்டியலைக் கையோடு எடுத்துக்கொண்டு போகலாம். காலி செய்யும் குத்தகைதாரர் மண்ணையும் வாரிக்கொண்டு போகிற மாதிரி. 2025 மார்ச்சில் காசு கட்டிய சந்தா மட்டும் 50 லட்சத்தைத் தாண்டிவிட்டதாகக் கம்பெனி அறிவித்தது.

அத்தனை காசும் நல்ல எழுத்துக்குப் போகிறதா? இல்லை. இந்தக் கடுதாசிகளில் பாதிக்கு மேல் குப்பை. காசு கட்டியவர் காத்திருக்கிறாரே என்று, சொல்வதற்கு ஒன்றும் இல்லாத வாரத்திலும் எழுதியாக வேண்டும். அப்போது பட்டியல் வருகிறது. இந்த வாரம் எனக்குப் பிடித்த ஐந்து பொருள், இந்த மாதம் நான் வாங்கிய மூன்று கிரீம். அந்த இணைப்பைத் தொட்டு யாராவது வாங்கினால் எழுதியவருக்குக் கமிஷன். விளம்பரத்தை வாசல் வழியாகத் துரத்திவிட்டுக் கொல்லைப்புறமாகக் கூட்டி வந்த கதை. போதாக்குறைக்கு எழுதுகிறவரின் வாழ்க்கையே சரக்காகிவிடுகிறது. கல்யாண முறிவு, கர்ப்பம், அப்பா சாவு எல்லாவற்றுக்கும் முதல் பத்தி இலவசம், மிச்சம் சந்தாதாரருக்கு. படிக்கும்போது சங்கடமாக இருக்கிறது.

குப்பைக்கு நடுவில் நான் விடாமல் படிக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும். விட்டில்ஸ். விட்டில் பூச்சி இல்லை. அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் பழைய புழக்கத்தில் தீனி என்று பொருள். 2020 மார்ச்சில், கொரோனாவுக்காக லண்டன் கதவடைத்த நேரத்தில், ஜொனாதன் நன் என்பவர் தொடங்கினார். உணவகம் எல்லாம் மூடிக் கிடக்கும்போது உணவைப் பற்றி என்ன எழுதுவது? அந்த நெருக்கடியே அதற்கு வழியாகிவிட்டது. எந்த ஓட்டலில் எந்தச் சமையல்காரர் என்ன சமைத்தார் என்கிற பழைய விமர்சனத்துக்கு வேலை இல்லாமல் போனதால், சாப்பாட்டை யார் விளைவிக்கிறார், யார் சுமக்கிறார், யார் கழுவுகிறார், புலம்பெயர்ந்த சனங்கள் எங்கே என்ன சமைத்துச் சாப்பிடுகிறார்கள் என்கிற பக்கம் எழுத்து திரும்பியது. லண்டன் நாளிதழ்களின் உணவு விமர்சகர்கள் நடுநகரத்து மேசைவிரிப்புக் கடைகளைச் சுற்றியே வந்துகொண்டிருந்தார்கள் என்பது நன் தொடர்ந்து வைத்த குற்றச்சாட்டு. ஈஸ்ட் ஹாமிலும் டூட்டிங்கிலும் ஈழத்துச் சனங்கள் கொத்துரொட்டி தட்டுகிற சத்தம் நாற்பது வருசக் குடியேற்றத்தின் சத்தம். அது மாதிரியான தெருக்கள் தான் இந்த எழுத்தின் ஊர்.

2022இல் நன் தொகுத்து வந்த 'லண்டன் ஃபீட்ஸ் இட்செல்ஃப்' என்கிற புத்தகத்தைப் பார்த்தால் அந்த நோக்கு தெளிவாகப் புரியும். உணவகங்களை வரிசைப்படுத்தாமல் பூங்கா, மசூதி, கிடங்கு என்று இடங்களை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டுரை. ஒரு நகரம் தன் வயிற்றை எங்கே வைத்துக் கழுவுகிறது என்று பார்க்கிற பார்வை. நம்ம ஊரில் ஒருத்தர் மதுரையைப் பற்றி இப்படி எழுதினால் மீனாட்சி கோயில் பிரகாரத்துப் புளியோதரையில் ஆரம்பித்து ஜிகர்தண்டாவில் முடித்துவிடுவார். அரசு ஆஸ்பத்திரி வாசலில் தூக்குச்சட்டியோடு விடியற்காலையில் நிற்கிற பெண்கள் அந்தக் கட்டுரைக்குள் நுழைய மாட்டார்கள்.

விட்டில்ஸ் எனக்கு முக்கியமாகப் படுவது பார்வைக்காக மட்டும் இல்லை. நன் அதைத் தன் ஒற்றைக் குரலாக வைத்துக்கொள்ளவில்லை. சந்தாக் காசை எடுத்து மற்றவர்களை எழுத வைத்தார், எழுதியவர்களுக்குக் கூலி கொடுத்தார். பத்திரிகை ஆபீஸ் வாசலை மிதித்திராதவர்கள் பலர் அதில் எழுதினார்கள். சோறும் சாதியும் இந்தியாவில் கட்டிப் பிணைந்து கிடப்பதைப் பற்றிய கட்டுரைகளும் அதில் வந்திருக்கின்றன. 2021இல் ராக்சேன் கே தொடங்கிய 'தி ஆடாசிட்டி'யிலும் இதே நடைமுறை. பெயர்பெற்ற கறுப்பின எழுத்தாளர், தன் புகழுக்கு வந்த சந்தாவிலிருந்து புதிதாக எழுத வருகிறவர்களின் கட்டுரைகளுக்குக் காசு கொடுத்து வெளியிட்டார். 'சுதந்திர' எழுத்து என்று பீற்றிக்கொள்கிறார்களே, எடிட்டர் இல்லாததால் வந்த சுதந்திரம் இல்லை இது. எடிட்டரும் இருக்கிறார், கூலியும் இருக்கிறது. கூலி இருப்பதால்தான் கடை கழுவுகிறவரின் மகளால் ஒரு வாரம் வேறு வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து எழுத முடிகிறது. சும்மா கிடைக்கிற திண்ணையில் உட்கார நேரம் உள்ளவர்கள் ஏற்கெனவே வீடு உள்ளவர்கள்தான்.

இன்னொரு கடுதாசி, 'ஹங் அப்'. 2020இல் ஹன்ட்டர் ஹாரிஸ் என்கிற கறுப்பினப் பெண் தொடங்கியது. அதற்கு முன் வல்ச்சர் என்கிற பொழுதுபோக்குப் பத்திரிகையில் வேலை பார்த்தவர். என்ன எழுதுகிறார்? நடிகர்களைப் பற்றி, படத்தில் ஒருத்தி திரும்பிப் பார்க்கிற ஒரு கணத்தைப் பற்றி, பிரபலங்களின் காதல் கிசுகிசுவைப் பற்றி. சிரிக்கச் சிரிக்க எழுதுகிறார். படித்தபோது எனக்கு முதலில் தோன்றியது பொறாமை. இனக்கொடுமைக்குச் சாட்சி சொல்வதற்காக மட்டும் அவரை யாரும் மேடைக்குக் கூப்பிட்டுவிடவில்லை. அவருடைய ரசனைக்குக் காசு கட்டுகிறார்கள். 1972இல் பம்பாயில் நம் ஆட்கள் கறுப்புச் சிறுத்தைகளைப் பார்த்து தலித் பேந்தர் என்று பெயர் வைத்தார்கள். கறுப்பினத் தன்வரலாற்றை, கறுப்பினக் கவிதையை எல்லாம் மொழிபெயர்த்துப் படித்தோம். கறுப்பினக் கிசுகிசுவை மட்டும் இறக்குமதி செய்யாமல் விட்டோம்.

இது விளையாட்டுப் பேச்சு இல்லை. சில வருசத்துக்கு முன்னால் ஒரு மாத இதழ் சிறப்பிதழுக்காக என்னிடம் கட்டுரை கேட்டது. பாட்டுப் புத்தகத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். தியேட்டர் வாசலிலும் பஸ் ஸ்டாண்டிலும் இரண்டு ரூபாய்க்கு விற்பானே, படத்துப் பாட்டெல்லாம் அச்சடித்த மெலிசுப் புத்தகம், அது. எங்கள் காலனியில் ஆறேழு அம்மாக்கள் அதைச் சேர்த்து வைத்திருந்தார்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதே அதில்தான். நடவுக்குப் போன இடத்தில் ஒருத்தி சரணத்தை மாற்றிப் பாடிவிட்டால் சாயங்காலம் புத்தகத்தை எடுத்து வைத்துப் பஞ்சாயத்து நடக்கும். எந்தப் படத்துக்கு எந்தக் கலர் அட்டை என்பது வரைக்கும் எழுதியிருந்தேன். அந்த இதழாசிரியர் போன் பண்ணினார். "நல்லாத்தான் இருக்கு தோழர். ஆனா இதுல வலி எங்க?" என்றார். ஊர்க்கிணறு, டீக்கடை தம்ளர் அந்த மாதிரி ஏதாவது சேர்த்துக் கொடுக்க முடியுமா என்றும் கேட்டார். அப்படிச் சேர்த்தால் சன்மானம் உண்டா என்று நான் கேட்டேன். சிரித்தார். இரண்டுக்கும் கிடையாதாம்.

வலியை எழுதக் கூடாது என்று நான் சொல்லவில்லை. தன்வரலாறுகள் வராமல் போயிருந்தால் இன்றைக்கு நான் இப்படி நிமிர்ந்து உட்கார்ந்து எழுதியிருக்க முடியாது. சாட்சியம் நம் ஆயுதம். ஆனால் அதை நம்மிடம் கேட்டு வாங்கி அச்சடிக்கிற மேல்சாதி மனசு ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அனுபவம் உன்னுடையது, ரசனை என்னுடையது. நீ பட்டதைச் சொல்லு, அது இலக்கியமா இல்லையா என்று நான் சொல்கிறேன். பட்டதைத் தவிர உனக்குப் பிடித்தது என்று ஒன்று இருக்க முடியும் என்பதே அந்தக் கணக்கில் கிடையாது. 2016 ஜனவரி 17 அன்று ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்து மாணவர் ரோகித் வெமுலா தன் உயிரைப் போக்கிக்கொண்டார். கார்ல் சாகனைப் போல அறிவியல் எழுதுகிறவராக ஆசைப்பட்டதையும், கடைசியில் எழுத வாய்த்தது அந்த ஒரு கடிதம்தான் என்பதையும் அதிலேயே சொல்லியிருந்தார். நாடே அந்தக் கடிதத்தைப் படித்தது. நட்சத்திரங்களைப் பற்றி வாரம் ஒன்று எழுதியிருக்க வேண்டிய ஆள் அவர்.

ரசனை என்றதும் அதை மேட்டிமைச் சமாச்சாரம் என்று நினைக்கிறவர்களுக்கு ஷாகு பட்டோலேயைக் காட்ட வேண்டும். 2015இல் மராத்தியில் 'அன்ன ஹே அபூர்ண பிரம்ம' என்று ஒரு புத்தகம் எழுதினார். அன்னமே பூரண பிரம்மம் என்கிற பிராமணச் சொலவடையை ஒரே எழுத்தால் கவிழ்த்துப் போட்ட தலைப்பு. மராத்வாடாவின் மகர், மாங்குச் சனங்களின் சமையல். இது ஆங்கிலத்தில் 2024இல் வந்தது. அதில் காயப்போட்ட மாட்டிறைச்சிக் கீற்றை எப்படிச் செய்வது என்று பக்குவம் சொல்கிறார். நம்ம உப்புக்கண்டம்தான், அங்கே சான்யா. எந்த உறுப்பு எப்படி வேகும், எதற்கு எது சேராது என்றெல்லாம் இருக்கிறது. பசித்ததால் கிடைத்ததைத் தின்றார்கள் என்று பரிதாபப்பட வந்த வாசகர், அங்கே ஒரு நாக்கின் நுட்பத்தைச் சந்திக்கிறார். விட்டில்ஸ் மாதிரியான கடுதாசிகள் லண்டனில் செய்கிற காரியமும் பட்டோலேயுடைய காரியமும் ஒரே திசையில் போகின்றன என்பது என் வாசிப்பு. வித்தியாசம் என்னவென்றால் லண்டன்காரருக்கு மாதாமாதம் சந்தா வருகிறது.

சந்தா நமக்குப் புதுசும் இல்லை. ரெட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' பத்திரிகையைத் தொடங்கி 1900 வரை நடத்தினார். 1920 ஜனவரி 31இல் அம்பேத்கர் தொடங்கிய 'மூக்நாயக்'குக்கு கோலாப்பூர் சாகு மகாராஜா 2,500 ரூபாய் கொடுத்தார். காசு கொடுத்து விளம்பரம் போடக் கேட்டும் திலகர் தொடங்கிய 'கேசரி' மறுத்துவிட்டது. யாருடைய காசில் நடக்கிறது என்கிற கேள்வியைக் கேட்காமல் நம் பத்திரிகைகள் ஒருநாளும் பிறக்கவில்லை. எழுதுகிறவருக்குக் கூலி என்பது மட்டும் தொண்ணூறுகளில் வந்த நம் சிற்றிதழ்களுக்கும் கட்டுப்படியாகவில்லை. அச்சகத்துக்காரனுக்குக் கொடுத்தோம், பைண்டிங்காரனுக்குக் கொடுத்தோம், தபாலாபீசுக்குக் கொடுத்தோம், எழுதியவருக்குத் தோழமை வாழ்த்துகள். விளைவு என்ன? மாதச் சம்பளம் வாங்கிய வாத்தியார்களும் பேங்க் ஊழியர்களும் எழுதினார்கள். களையெடுக்கப் போனவள் பேட்டி கொடுத்தாள்.

பண்ணைக்காரன் பக்கம் திரும்புவோம். 2023 நவம்பரில் அமெரிக்காவின் 'தி அட்லாண்டிக்' இதழ், சப்ஸ்டாக்கில் நாஜிகளும் வெள்ளை இனவெறியர்களும் கடுதாசி நடத்திச் சந்தா வாங்குகிறார்கள் என்று அம்பலப்படுத்தியது. எழுதுகிறவர்கள் இருநூறுக்கும் மேற்பட்டோர் கூட்டாகக் கேள்வி கேட்டார்கள். கம்பெனியின் நிறுவனர்களில் ஒருவரான ஹாமிஷ் மெக்கன்சி, எங்களுக்கும் நாஜிகளைப் பிடிக்காதுதான், ஆனால் அவர்கள் காசு வாங்குவதைத் தடுப்பதில் பிரச்சினை தீராது என்கிற தொனியில் பதில் சொன்னார். அந்தச் சந்தாவிலும் பத்தில் ஒன்று இவர்கள் கல்லாவுக்கு வருகிறது என்பதை அந்தப் பதில் தொடவே இல்லை. பிறகு நெருக்கடி முற்றி ஒருசிலதை மட்டும் நீக்கினார்கள். 'பிளாட்ஃபார்மர்' என்கிற பெயர்பெற்ற கடுதாசி 2024 ஜனவரியில் வெளியேறி கோஸ்ட் என்கிற இடத்துக்குப் போனது. லாபநோக்கில்லாத அமைப்பு நடத்துவது, சந்தாவில் பங்கு கேட்காமல் மாதக் கட்டணம் மட்டும் வாங்குவது அது. பெரிய ஆள் பட்டியலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். இருநூறு சந்தாவை வைத்துக்கொண்டு அரிசி வாங்குகிறவள் மாதக் கட்டணத்தைக் கட்டிவிட்டு எதை வாங்குவாள்? சகிப்புத்தன்மை என்று மேலே இருப்பவர் பேசும்போது, பக்கத்துக் குடிசைக்குத் தீ வைக்கிறவனோடு ஒரே வரிசையில் நின்று வாடகை கட்ட வேண்டியது கீழே இருப்பவள்.

நம் ஊரில் இந்தச் சண்டைக்கே இடமில்லை, வாசலே வேறு மாதிரி அடைத்திருக்கிறது. சப்ஸ்டாக்கில் காசு வாங்க ஸ்ட்ரைப் என்கிற நிறுவனத்தில் கணக்கு வேண்டும். 2024இல் அது, இந்தியாவில் புதுக் கணக்கு அழைப்பின் பேரில்தான் என்று சொல்லிவிட்டது. படிக்கிறவர் பக்கம், 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிகளால் கார்டிலிருந்து மாதாமாதம் தானாகக் காசு போகிற ஏற்பாட்டில் வெளிநாட்டுச் சந்தாக்கள் பலருக்கு அறுந்துபோயின. ஆங்கிலம், கிரெடிட் கார்டு, அழைப்பு. மூன்று தெரு தாண்ட வேண்டும். 'யார் வேண்டுமானாலும் எழுதலாம்' என்று அந்த வாசலில் எழுதித்தான் போட்டிருக்கிறான்.

ஆனாலும் நம் பிள்ளைகள் சும்மா இருக்கவில்லை. விழுப்புரம் பக்கம் ஒரு காலனியிலிருந்து ஒரு பெண், நர்சிங் முடித்துவிட்டுத் தனியார் ஆஸ்பத்திரியில் நைட் டூட்டி பார்க்கிறவள், பதினைந்து நாளுக்கு ஒருமுறை நாலு பக்கம் எழுதிப் பிடிஎஃப் ஆக்கி வாட்ஸப்பில் அனுப்புகிறாள். கடைசிப் பக்கத்தின் அடியில் ஜிபே க்யூஆர் படம். பிடித்தவர்கள் பத்தோ இருபதோ போடலாம். இதுவரை வந்ததில் நைட் டூட்டி டிபன் பாக்ஸ்களைப் பற்றி ஒன்று, சுடிதாருக்குப் பாக்கெட் வைத்துத் தைக்கிற டெய்லர்களின் விலாசத்தோடு ஒன்று, வார்டில் எந்தப் பேசண்டுக்கு எந்தப் பாட்டு ரிங்டோன் என்று ஒன்று. மொழி கரடுமுரடுதான், சில இடத்தில் சினிமா வசனம் மாதிரி போய்விடுகிறது, பத்தி பிரிக்கத் தெரியவில்லை. ரிங்டோன் கட்டுரை மட்டும் நான் இந்த வருசம் படித்த நல்ல உரைநடைகளில் ஒன்று. போன இதழுக்கு 410 ரூபாய் வந்ததாம். அதில் அட்டைப்படம் வரைந்த பையனுக்கு 100 கொடுத்துவிட்டாள்.

போன வாரம் போன் பண்ணினாள். "அக்கா, அந்தப் பாட்டுப் புத்தகத்தப் பத்தி ஏதோ எழுதி வச்சிருக்கீங்களாமே, எனக்குக் குடுங்க, நூறு ரூவா தர்றேன்" என்றாள். நூற்றைம்பது கேட்டிருக்கிறேன்.